நீலச் சுவரும் என் மஞ்சளும்

1

வெள்ளிக்கிழமை நான் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது வேலையிடத்தில் எங்கள் அறையின் சுவர்கள் வெள்ளை. திங்கட்கிழமை வந்து கதவைத் திறந்தால் நாலு பக்கமும் நீலம். அறை மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போய்க் கதவை ஒருமுறை பார்த்தேன். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. என் மேசை, கதிரை, போத்தலில் நான் கழுவி வைத்த தூரிகைகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன.

ஜேர்மனியின் மேற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர நகரம் இது. குழந்தைகளின் கட்டில் விரிப்புகளுக்குப் பூவும் பறவையும் வரைகிற வேலை எனக்கு. தாளில் கையால் வரைந்து நிறம் தீட்டிக் கொடுப்போம். அதைப் பார்த்துத் துணியில் அச்சடிப்பார்கள். இதற்கு முன்னர் பல வருடங்கள் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தேன். ‘விரிச்ச கைக்கு வரையிற வேலை கிடைச்சிட்டுது’ என்று கிளிநொச்சியில் என் தங்கை வதனி எல்லாருக்கும் சொல்லித் திரிகிறாள். உண்மையில் அது இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. தகுதிகாண் காலம் என்று ஒன்று இருக்கிறது. அது முடியும்போதுதான் வைத்திருப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது தெரியும். அனுப்பினால் மறுபடியும் ஹோட்டல். இந்த வயதில் திரும்பவும் விரிப்புகள் அடுக்கிய அந்தத் தள்ளுவண்டியைப் பிடிக்க வேண்டிவருமோ என்ற பயத்தோடுதான் தினமும் ட்ராமில் ஏறுகிறேன்.

எங்கள் பொறுப்பாளர் சபீனா கோப்பிக் கோப்பையோடு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நீலம் மனதை அகலமாக்குமாம். வெள்ளைச் சுவருக்குள் இருந்தால் கற்பனை ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதிரிக் கிடந்துவிடுமாம். எங்கோ படித்திருக்கிறாள். நல்ல மனுஷி, ஆனால் ஒன்றை நம்பிவிட்டால் பொறுத்திருக்க மாட்டாள். பக்கத்து மேசை யோனாஸுக்கு நீலம் அன்றைக்கே பலித்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஒரு திமிங்கிலக் குடும்பத்தை வரைந்து, தாய்த் திமிங்கிலத்துக்கு மூக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டான்.

காலையில் சபீனா கேட்டபோதே, இந்த நிறம் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். அவசரத்தில், ‘நான் நீலமாக இருக்கிறேன்’ என்று ஜேர்மன் மொழியில் வந்துவிட்டது. இங்கே அதற்குக் குடிவெறியில் இருக்கிறேன் என்று அர்த்தம். காலை ஒன்பது மணிக்கு அறை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சொல்ல வந்ததை அதன் பிறகு சொல்ல முடியவில்லை.

2

நீலம் என்றால் அவர்களுக்கு வானமும் கடலும் நினைவு வரும் போலிருக்கிறது. எனக்குத் தறப்பாள்தான் வரும், கூரைக்குப் பதிலாகக் கட்டுகிற நீலப் பிளாஸ்ரிக் விரிப்பு.

யுத்தம் ஓய்ந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அப்பா இரண்டு நீலத் தறப்பாளைச் சேர்த்துத் தைத்து மேலே இழுத்துக் கட்டினார். வெயில் அதற்குள்ளால் இறங்கும்போது சோறு நீலம், சுவர் நீலம், அம்மாவின் முகமும் நீலம். புதிதாக வருகிறவர்கள் அம்மாவுக்கு ஏதும் நோயோ, வருத்தமோ என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள்.

அந்த வீட்டுக்குள் இருந்துதான் நானும் வதனியும் சேலைகளில் பூ வரையத் தொடங்கினோம். ஊரில் மறுபடியும் கலியாணங்கள் நடக்கத் தொடங்கிய காலம். பட்டுக்கு வழியில்லாதவர்கள் சாதாரண வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து, ‘கரையில நாலு பூப் போட்டுத் தாங்கோ’ என்பார்கள். முதல் சேலைக்கு நான் செவ்வந்திப் பூ வரைந்தேன். மஞ்சளைப் போடப் போட அது செத்துக் கிடந்தது. இன்னும் போட்டேன், இன்னும் போட்டேன். பெண்ணின் தாய் வந்து சேலையை முற்றத்தில் விரித்துப் பார்த்தா.

“என்ன பிள்ளை, உந்தச் சேலையைத் தேருக்கோ கட்டப் போறியள்?” என்றா.

வெயிலில் அந்த மஞ்சள் கண்ணைக் குத்தியது. உள்ளே செத்துக் கிடந்தது வெளியே வந்து கத்துகிறது. வதனி அழுதாள். நான் அழவில்லை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் குசினிக்குள் போய் அடுப்பின் முன்னால் நின்றுவிட்டேன். பிறகு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டோம். ஒரு மாரிகாலம் முழுக்கப் பிழை பிழையாகச் செய்து பழகினோம். சந்தேகம் வந்தால் ‘வெளியில கொண்டுபோய்ப் பார்’ என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மீன் நல்லதோ என்று பார்க்கவும் அம்மா அதைத்தான் சொல்லுவா.

எங்களிடம் சேலை கொடுத்த வீடுகளில் பிறகு ஒருவரும் குறை சொன்னதில்லை. கலியாணமாகி ஜேர்மனிக்கு வந்தபோது நான் கொண்டுவந்த ஒரே கைத்தொழில் அதுதான். சபீனா என்னை எடுத்ததும் அதைப் பார்த்துத்தான். நேர்முகத்துக்குக் கொண்டுபோன சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, நிறத்தில் உங்களுக்கு ஒரு அளவு தெரிகிறது என்றாள். இந்த நாட்டில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன மிக நல்ல வார்த்தை அது. பல நாள் அதை நினைத்துக்கொண்டே நித்திரை கொண்டிருக்கிறேன்.

3

நீல அறையில் நான் வரைந்த முதல் தொகுதி அச்சாகி வந்தது. சூரியகாந்தியும் வாத்துக் குஞ்சுகளும். சபீனா துணியை மேசையில் விரித்தாள். சூரியகாந்தி பழைய புத்தகத்துக்குள் அமுக்கி வைத்த பூப் போல இருந்தது. வாத்துக் குஞ்சுகளுக்குக் காய்ச்சல் வந்து சுகமாகின மாதிரி ஒரு வெளிறல்.

“களைத்துப் போயிருக்கின்றன” என்றாள் சபீனா, வாத்துகளைக் காட்டி.

நான் அவற்றை வரையும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னை உலுப்பியது. தெரிந்தே பிழை விட்டால் திருத்தலாம். சரி என்று நினைத்துச் செய்தது பிழையாக வந்தால் அடுத்தமுறை எதை நம்புவது? மறுபடியும் வரைந்தேன். மறுபடியும் களைத்த வாத்துகள்.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். இங்கே கண் வைத்தியரிடம் போவதற்கு, கண் சுகமாக இருக்கும்போதே நாள் குறித்து வைக்க வேண்டும். முதலில் குடும்ப வைத்தியர், அவர் தருகிற சிபாரிசுத் துண்டு, பிறகு அந்தத் துண்டோடு போனில் காத்திருப்பு, ஒவ்வொருவரிடமும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சொல்லல். யாரோ வராமல் விட்ட இடத்தில் என்னைப் போட்டார்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த இலக்கங்களை எல்லாம் பிழையில்லாமல் வாசித்தேன். நிறம் பார்ப்பதில் உங்கள் கண் அருமையானது என்று வைத்தியர் கைகுலுக்கி அனுப்பினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் நோயாக இருந்தால் மருந்து இருக்கும். கண் நல்லதென்றால் என்னில் எது கெட்டுப்போனது?

சபீனாவுக்கு அதற்கு ஒரு விடை இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, யுத்தம் பார்த்தவர்களுக்குச் சில காலங்களில் நிறங்கள் மங்குவது உண்டு, மனம்விட்டுக் கதைப்பதற்கு ஒரு நல்ல ஆளைத் தனக்குத் தெரியும் என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் மஞ்சளுக்குள் எதற்கு யுத்தத்தைக் கொண்டுவருகிறாள்? நான் சிரிப்பேன், சமைப்பேன், பிள்ளையோடு சண்டை பிடிப்பேன். கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அவள் சொல்வது உண்மையாக இருந்தால்?

ஊரில் நடக்கிற அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு விடுமுறை கேட்டேன். போய் மனதை ஆற்றிக்கொண்டு வாருங்கள், வந்ததும் வசந்தகாலத் தொகுதியைச் செய்யுங்கள், அதை வைத்து முடிவெடுப்போம் என்றாள். விடுமுறை கிடைத்த சந்தோஷம் அந்தக் கடைசி வசனத்தோடு போய்விட்டது.

4

வீட்டில் எங்களுக்கு வெள்ளைச் சுவர்தான். வாடகை உடன்படிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டை விட்டுப் போகும்போது சுவர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். மகள் ஆரணிக்குப் பதினைந்து வயது. தன் அறைக்குக் கடும் ஊதா அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்படி அடித்தால்தான் தனக்குப் பாட்டு எழுத வருமாம். அவளும் சபீனாவும் ஒரே பள்ளிக்கூடம் போலும். போகும்போது திருப்பி வெள்ளை அடிக்க வேண்டுமே என்றேன்.

“நாங்கள் எப்பவும் போற கதைதான் கதைக்கிறம், அம்மா” என்றாள்.

நான் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

அவளுடைய பள்ளிக்கூட ட்ராம் என் வேலையிடத்து வாசலால்தான் போகிறது. ஒருநாளும் இறங்கி எட்டிப் பார்த்ததில்லை. காதில் எந்நேரமும் பாட்டு. நான் கதைத்தால் ஒரு காதிலிருந்து மட்டும் அந்தச் சின்னக் குமிழைக் கழற்றுவாள். மற்றக் காது அங்கேதான் இருக்கும். தமிழ் விளங்கும், கதைக்கும்போது பாதி வழியில் ஜேர்மனுக்கு மாறிவிடுவாள். கிளிநொச்சி அவளுக்கு விடுமுறையில் நுளம்பு கடிக்கிற ஓர் இடம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

5

இலையுதிர்கால விடுமுறையில் நானும் ஆரணியும் கிளிநொச்சிக்குப் போனோம். என் கணவருக்கு லீவு இல்லை. புளியங்குளம் தாண்டும்போது வாகனத்துக்குள் புழுக்கம். மழை இருண்டு நின்றதே தவிர இறங்கவில்லை. திவசம் நல்லபடி முடிந்தது. ஐயர் போன பிறகு வதனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இனி என்ர கடைக்கு வாங்கோ அக்கா, அங்க தலைக்கு மேல வேலை” என்றாள்.

வதனி இப்போது கிளிநொச்சி ரவுண் கடைத்தெருவில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள். தையலும் சேலைக்குப் பூப்போடுவதும். மாரி தொடங்க முதல் கடைக்குப் பெயின்ற் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். பெயின்ற் அடிக்கிறவர் நிற அட்டையை நீட்டி எது என்று கேட்டார்.

“மேல எது எண்டாலும் அடியுங்கோ. கீழ்ப்பாதிக்கு ஊத்தை தெரியாத கலராப் பாருங்கோ” என்றாள்.

“வேலை செய்யிற இடத்துக்கு எந்த நிறம் நல்லதெண்டு யோசிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“ஏன், சுவரோ தைக்கப் போகுது?”

நான் என் நீல அறைக் கதையைச் சொன்னேன். களைத்த வாத்து, கண் வைத்தியர், கதைப்பதற்கு நல்ல ஆள், எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“வேலை போயிடுமோ அக்கா?”

“போகலாம்.”

“அப்ப இஞ்ச வந்திடுங்கோ. ரெண்டு பேருமாச் செய்வம்.”

அவள் மனசாரத்தான் சொன்னாள். பக்கத்தில் ஆரணி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும், வந்துவிடு என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது.

6

கடைக்குள் பெயின்ற் காயும்வரை சாமான்களைப் பின்வளவுக்கு எடுத்திருந்தாள். வேலிப் பக்கமாக ஒரு தறப்பாளை நாலு தடியில் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழ் மெசினும் சட்டத்தில் இழுத்த சேலையும். தறப்பாள் புதியது, அதே நீலம். உள்ளே குனிந்து போனதும் என் கை நீலமாகியது. ஆரணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீச்சல் குளத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ஜேர்மனில் சொன்னாள்.

அடுத்த கிழமைக் கலியாணத்துக்குச் சேலை. கரை நீளத்துக்குச் செவ்வந்திப் பூ. வதனி இலைகளை வைத்துக்கொண்டு பூக்களை எனக்குத் தந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே சேலையில் குனிந்திருந்தோம். ஒன்றும் யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் போனது. மூன்றாவது பூ முடியும்போது பின்னால் நின்ற ஆரணி சொன்னாள்.

“அம்மா, இது டல். இன்னும் மஞ்சள் போடுங்கோ.”

“வெளியில கொண்டுபோய்ப் பார்” என்று நானும் வதனியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆரணி சட்டத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கி வெயிலுக்கு இழுத்தாள். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இஞ்ச சரியா இருக்கு. எப்பிடி?”

“அது அப்பிடித்தான் பிள்ளை” என்று வதனி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

நான் தூரிகையோடு அப்படியே இருந்தேன். எப்படி என்று எனக்குத் தெரியும். தறப்பாளுக்குக் கீழ் மஞ்சள் போதாது என்று கண் சொல்லும்போதே கையை எடுத்துவிட வேண்டும். மங்கலாக விட்டால்தான் வெளியே சரியாக வரும். அந்த மாரிகாலம் முழுக்க நாங்கள் பழகியது அதைத்தான். பழகி முடிந்ததும் மறந்தும்விட்டோம், ஏனென்றால் கைக்கு வந்துவிட்டது. அங்கே ஜேர்மனியில் நாலு சுவரும் நீலமானதும், என் கை யாரையும் கேட்காமல் தறப்பாளுக்குக் கீழே போய்விட்டது. அந்த அறையில் இருந்தது வெறும் சுவர் நீலம். யன்னலால் வந்தது சாதாரண வெளிச்சம். என் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நீலத்தைக் கண்டதும் மஞ்சளைக் குறைத்தது. யோனாஸ் அதே அறையில்தான் வரைகிறான். அவன் ஒருநாளும் தறப்பாளுக்குக் கீழ் சேலை வரைந்து பேச்சு வாங்கியதில்லை.

கண்ணும் கெடவில்லை, மனமும் கெடவில்லை. நன்றாகப் பழகின கை ஒன்று பிழையான இடத்தில் தன் வேலையைச் செய்திருக்கிறது. சேலையை நனைத்துவிடுவேனோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வதனி கேட்டாள், சொன்னேன்.

“அப்ப சுகம்தானே. அங்க போய்க் கொஞ்சம் கூடப் போடுங்கோ” என்றாள்.

7

கொஞ்சம் கூட என்றால் எவ்வளவு? திரும்பி வந்த முதல் நாளே அந்தக் கேள்வி வந்துவிட்டது. காரணம் தெரிந்ததும் கை குழம்பிவிட்டது. கூட்டினால் தேர்ச்சீலை, விட்டால் களைத்த வாத்து. ‘வெளியில கொண்டுபோய்ப் பார்’ என்று வெளியே ஓடினால் அங்கே வெயிலும் இல்லை. இந்த மாதங்களில் இங்கே பகல் முழுக்கச் சாம்பல் நிறம். நடையில் மஞ்சள் விளக்கு. தாளை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். யோனாஸைக் கேட்கலாம். ஆனால் மஞ்சள் மஞ்சளாக இருக்கிறதா என்று பக்கத்து மேசையைக் கேட்கிறவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வசந்தகாலத் தொகுதிக்கு முழுக்க முழுக்க மஞ்சள் பூக்கள்தான் கேட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து ஆரணிக்குச் செய்தி அனுப்பினேன். ‘எங்கள் வாசலில் ஒருக்கா இறங்கு. உன்ர கண் வேணும்.’ வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பையும் தொப்பியுமாகக் கதவில் வந்து நின்றாள். சபீனாவுக்கும் யோனாஸுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு காதிலிருந்து குமிழைக் கழற்றிக்கொண்டு என் தாளைப் பார்த்தாள். நாங்கள் தமிழில் கதைப்பது அவர்களுக்கு விளங்காது.

“டல்” என்றாள்.

மஞ்சள் வைத்தேன். “இன்னும்.” வைத்தேன். என் கண்ணுக்கு அது எப்போதோ கத்தத் தொடங்கிவிட்டது. அந்தத் தாயின் முகமும் முற்றத்து வெயிலும் என் முன்னே வந்து நின்றன. “இன்னும், அம்மா.” பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் வைத்தேன்.

“இப்ப சரி. நிப்பாட்டுங்கோ.”

என் பிள்ளைக்கு ஊர் தெரியவில்லையே என்று எத்தனை தரம் புலம்பியிருக்கிறேன். அந்தத் தறப்பாள் கூரைக்குக் கீழும் அவள் வாழ்ந்ததில்லை. அவளுடைய கண்ணில் கழிக்கவும் கூட்டவும் ஒன்றும் இல்லை. நீல அறையில் மஞ்சள் அவளுக்கு மஞ்சளாகவே தெரிகிறது. அன்றைக்கு முதல்முறையாக அது எனக்குக் கவலையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பூவுக்கும் அவளைக் கேட்டேன். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள்.

அச்சான துணியை விரித்துவிட்டு சபீனா என்னைக் கட்டிப்பிடித்தாள். வேலை நிரந்தரம். “பார்த்தீர்களா, கொஞ்சம் பிந்தினாலும் நீலம் உங்களுக்கும் வேலை செய்துவிட்டது” என்றாள். மறுத்துச் சொல்ல எனக்கு மொழியும் போதாது, துணிவும் போதாது. தலையாட்டினேன். இவ்வளவு நன்றாக வந்திருப்பதால் அடுத்த மாதம் அறையின் உட்கூரைக்கும் அதே நீலத்தை அடிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் இரண்டு செய்தியையும் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவள் ஒரு குமிழைக் கழற்றினாள்.

“மேலயும் நீலமோ?”

“ஓம்.”

“அப்ப நான் ஒவ்வொரு நாளும் வரவேணுமோ?”

“வரவேணும்” என்றேன்.

அவள் எழும்பி உட்கார்ந்து மற்றக் காதிலிருந்ததையும் கழற்றினாள்.